எட்டு மாத்திரைகளும் இருபது ஆண்டுகளும்

நெஞ்சு வலியோடு வருபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் ஏற்பாடு இது. அந்தப் பதினான்கில் இரண்டு ஆஸ்பிரின், நான்கு குளோபிடோகிரெல். இவை ரத்தக்கட்டு பெருகாமல் தடுப்பவை. அந்த நேரத்தில் அவை ஏன் தேவை என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மீதி எட்டும் அட்டோர்வாஸ்டாட்டின், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை.

நல்ல திட்டம்தான். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வழியிலேயே இழந்த உயிர்கள் எத்தனை என்று தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், மாரடைப்பு வந்த அன்று எட்டாகக் கொடுக்கும் மாத்திரை, அதே மனிதருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நாளுக்கு ஒன்றாக ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறது, சர்க்கரை பார்க்கிறது, மாதாமாதம் மாத்திரை தருகிறது. அதன் பலன் கண்கூடு. தன் ‘பிரஷர்’ எவ்வளவு என்று கிராமத்துப் பாட்டிக்குத் தெரிகிறது. ‘சுகர்’ எவ்வளவு என்று கேட்டால் வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு என்று பிரித்தே சொல்கிறார். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியை விடுங்கள், ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பேரனுக்கும் தெரியாது. சர்க்கரையை விரல் நுனியில் குத்திப் பார்த்துவிடலாம். கொலஸ்ட்ராலுக்கு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், அது உடம்பில் எந்தத் தொந்தரவையும் காட்டாது. தாகம் இல்லை, தலைசுற்றல் இல்லை. பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான்.

இத்தனைக்கும் பிரச்சினையின் அளவு நமக்குத் தெரியாததல்ல. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள் ஆர்.எம்.அஞ்சனா, வி.மோகன் உள்ளிட்டோர் நடத்திய ஐசிஎம்ஆர் - இந்தியாப் (INDIAB) ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. வயதுவந்த இந்தியர்களில் 81.2 சதவீதத்தினருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதோ ஒன்று சரியில்லை என்றது அந்த ஆய்வு. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத் தலைப்பாக்கின. ஆனால், அதை உடைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்த குறை, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் குறைவு. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம். எல்டிஎல் அதிகமாக இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். தொப்பை, உழைப்பில்லாத நாள், தட்டு நிறையச் சோறு ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் இந்திய முத்திரை இது. ஒல்லியான ஆளுக்கும் இது உண்டு.

அப்படியானால் எச்டிஎல்லை ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மருந்து நிறுவனங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எச்டிஎல்லை வெகுவாக உயர்த்திய டோர்செட்ராபிப் என்ற மருந்தின் பரிசோதனையை 2006-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடின. ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று பெயர் வைத்ததுதான் நம்மை ஏமாற்றியது. எச்டிஎல் குறைவு என்பது உடலின் பொதுவான நிலையைக் காட்டும் அடையாளம். ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கி அதைக் கெடுக்கும் வேலையைச் செய்வது எல்டிஎல்லும் அதைச் சேர்ந்த துகள்களும்தான்.

இதற்கான ஆதாரங்களில் மிக அழகானது அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்திலிருந்து வந்தது. ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன என்பதை 1970-களில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். ஏற்பிகள் ஏறக்குறைய இல்லாமலே பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருவது ஏன் என்பதற்கு விடை கிடைத்தது. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இருபது ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். பிசிஎஸ்கே9 என்ற மரபணு பழுதாகிவிட்டதால் ஏற்பிகள் கூடுதலாகக் கிடைத்து, பிறப்பிலிருந்தே எல்டிஎல் குறைவாக உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படி. அவர்களுடைய எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால், 15 ஆண்டுகளில் அவர்களுக்கு வந்த இதயநாள நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த மக்களிடையே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் பரவலாக இருந்தும் இப்படி.

மாத்திரை மூலம் எல்டிஎல்லை இருக்கும் அளவிலிருந்து 39 மி.கி. குறைத்தால், ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஏறக்குறைய அதே அளவு குறைவுதான் மரபணுப் பழுதுள்ளவர்களிடமும். பிறகு ஏன் ஒரு பக்கம் 20 சதவீதம், இன்னொரு பக்கம் 88? காலம். ஐம்பத்தைந்து வயதில் குறைக்கத் தொடங்குவதற்கும் பிறந்ததிலிருந்தே குறைவாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. எல்டிஎல் செய்யும் கேடு கந்துவட்டி மாதிரி: எவ்வளவு கடன் என்பதோடு எத்தனை ஆண்டுகள் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53. பிற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. ஐம்பதைத் தாண்டிய பிறகு ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ போகலாம் என்று நினைப்பவர் எவ்வளவு தாமதமாகப் போகிறார் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பரிசோதனை செய்துகொள்பவர்களும் அறிக்கையை எப்படிப் படிக்கிறார்கள்? ஏதாவது எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். 48 வயதுக்காரர் ஒருவர், சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் 35, டிரைகிளிசரைடு 220. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழித்தால் எல்டிஎல் 111 வரும். நம் ஆய்வகங்களில் பல இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. மொத்தம் 200-க்குள், எல்டிஎல் 130-க்குள். “கொலஸ்ட்ரால் நார்மல்தான் சார்” என்று வீட்டுக்கு வந்துவிடுவார்.

அவருக்கு அது நார்மல் அல்ல. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் முதன்முறையாக நம் நாட்டுக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, வேறு அபாயம் இல்லாதவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு 70. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55. ஆய்வகம் அச்சிடும் வரம்புக்கு நோயாளி யார் என்று தெரியாது. இன்னும் எளிய கணக்கொன்று உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். நம் ஆளுக்கு 155 வருகிறது. அவருடைய இலக்கு 100. டிரைகிளிசரைடு அதிகமுள்ள நம்மவர்களுக்கு இந்த எண்தான் உண்மையைச் சரியாகச் சொல்கிறது. இரண்டு எண், ஒரு கழித்தல். மருத்துவரிடம் போகும்போது இதை எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். முதல் பரிசோதனையைப் பதினெட்டு வயதிலேயே செய்யச் சொல்கிறது அந்த நெறி. பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பட்டினியும் தேவையில்லை. பரம்பரையாக வரும் லிப்போபுரதம்(ஏ) என்ற துகளை ஆயுளில் ஒருமுறையாவது பார்த்துவிடச் சொல்கிறது. அது உணவால் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

உணவைப் பற்றி நாம் பேசுவதில் பாதி, தவறான எதிரியைப் பற்றியது. கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே தட்டில் பாமாயிலில் பொரித்த வடை இரண்டை எடுத்துவைத்துக்கொள்பவருக்கு லாபம் எதுவுமில்லை. ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று எண்ணெய் உறையில் அச்சடிப்பது பொய்யல்ல, ஆனால் குறும்பு; எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் பத்தில் நான்கு பங்குக்கு மேல். தேங்காய் எண்ணெயில் எட்டுக்கு மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இரண்டைத் தாண்டாது. பாமாயிலுக்குப் பதில் உள்நாட்டு எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் பல காலமாகக் கேட்கிறார்கள். தென்னை விவசாயிகள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதயத்தின் கணக்கில் முன்னுரிமை கடலைக்கும் எள்ளுக்கும்தான். டிரைகிளிசரைடின் கதை வேறு. சோற்றின் அளவைக் குறைத்தால், இனிப்பையும் மதுவையும் விட்டால், இடுப்பளவு கொஞ்சம் இறங்கினால் அது சில வாரங்களிலேயே கீழிறங்கும். எல்டிஎல் அவ்வளவு இணக்கமானதல்ல. உணவு மாற்றத்தால் அது பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்தாலே பெரிது. 111-இலிருந்து 70-க்குப் பத்தியத்தால் மட்டும் போக முடியாது.

அங்கேதான் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்து வருகிறது. கூடவே பயமும் வருகிறது. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து 1973-இல் நீலப்பச்சைப் பூசணம் ஒன்றிலிருந்து எடுத்த பொருளில் தொடங்கியது இந்த மருந்தின் வரலாறு. 1994-இல் ஸ்காண்டிநேவியாவின் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணங்கள் 30 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. இவ்வளவு ஆராயப்பட்ட மருந்துகள் குறைவு. ஆனாலும், ‘கிட்னியைக் கெடுக்கும், மூளையை மழுங்கடிக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுக்கு இருக்கும் மரியாதை இந்த ஆய்வுகளுக்கு இல்லை. பக்கவிளைவே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சிலருக்குத் தசைவலி வரும். மிக அரிதாகத் தசை சிதைவும் உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவரை அது சற்று முன்னதாகவே உள்ளே தள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது பொதுவாகத் தருவதில்லை. ஆனால், லண்டன் இம்பீரியல் கல்லூரி செய்த சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் அனுபவித்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யல்ல; ஆனால், அதற்குப் பெரும்பாலும் காரணம் மாத்திரைக்குள் இருந்த மருந்தல்ல, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணம்.

இதைவிடப் பரவலான தவறு, எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. “நார்மலுக்கு வந்துடுச்சுல்ல, இனி எதுக்கு?” மாத்திரையால்தான் இறங்கியது; நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். பிரஷர் மாத்திரை விஷயத்தில் இதை நம் மக்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்; இதிலும் கற்றுக்கொள்வார்கள்.

அரசின் பங்குக்கு வருவோம். எல்லோருக்கும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை என்று பெரிய திட்டம் அறிவிக்க வேண்டியதில்லை. நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு, எல்டிஎல் எண்ணுக்காகக் காத்திராமலேயே ஸ்டாட்டின் தொடங்கலாம் என்று முக்கிய நீரிழிவு வழிகாட்டுதல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அந்த நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவேட்டில் தயாராக இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் துணை சுகாதார நிலையத்தின் அலமாரி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, மாரடைப்பு வருபவருக்காகக் காத்துக்கொண்டு. பட்டியலையும் அலமாரியையும் இணைப்பதுதான் மீதி வேலை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருமுறை பார்த்து எழுதிக்கொடுக்கட்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் வரும் அதே பையில் இதுவும் வரட்டும். திட்டத்தின் வெற்றியைச் சொல்லும்போது எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பதோடு எத்தனை பேருக்கு எல்டிஎல் இறங்கியது என்ற கணக்கும் சேரட்டும்.

இன்னொரு வேலைக்குச் செலவே கிடையாது. பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்டிஎல் பெரும்பாலும் 190-ஐத் தாண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. நாற்பதுகளில் மாரடைப்போடு சேரும் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால், நம் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் நீளம் வரை எழுதுகிறோம், பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. ‘உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லிப்பிட் பரிசோதனை செய்ய வேண்டும்’ என்று சேர்க்க அரசாணைகூட வேண்டாம். அப்பாவின் ஆஞ்சியோ முடியட்டும் என்று வார்டுக்கு வெளியே நிற்கும் மகனிடம் அன்றே ரத்தம் எடுத்துவிடலாம். அவர் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை.