இரண்டில் ஒன்று

பணி ஓய்வுக்குப் பிறகு நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, ரசம் வைப்பது. மற்றது, ஐஸ் ஹாக்கி பார்ப்பது. முதலாவது மனைவியின் உபயம். இரண்டாவது, டொராண்டோவில் இருக்கும் பதினோரு வயதுப் பேத்தியின் உபயம்.

மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வெளியே பனி கொட்டும்போது கிழவன் எங்கே போவது? பேத்தியோடு உட்கார்ந்து டிவியில் பெண்கள் ஹாக்கி பார்ப்பேன். அவளும் ஆடுகிறாள். கோச் அவளை டிஃபென்ஸில் நிறுத்தியிருக்கிறார். "கோல் போடச் சான்ஸே வராதே கண்ணு, வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "கோல் விழாமப் பாத்துக்கறதும் ஆட்டம்தான் தாத்தா. அதோட, டிஃபென்ஸ்காரங்களும் கோல் போடுவாங்க" என்றாள். விசாரித்தால் உண்மைதான். பிடபிள்யூஎச்எல் என்கிற பெண்கள் தொழில்முறை லீகின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் நடந்தது. அந்த லீகின் முதல் கோலைப் போட்ட எல்லா ஷெல்டன், நியூயார்க் அணியின் டிஃபென்ஸ் ஆட்டக்காரர்!

அப்படித்தான் கிளேர் தாம்சன் பற்றியும் தெரிந்துகொண்டேன். டொராண்டோவில் 1998-ல் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கனடா அணிக்கு 2 கோல் போட்டு, 11 கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். (பந்து என்பது பழக்க தோஷம். அது 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டு.) ஒரே ஒலிம்பிக்கில் ஒரு டிஃபென்டர் 13 புள்ளிகள் எடுத்தது சாதனை. இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 3-2 என்று வென்று தங்கமும் வாங்கினார்கள்.

தங்கம் வாங்கியவர் அடுத்து என்ன செய்தார்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போய்விட்டார். ஆட்டத்தில் உச்சத்தில் இருக்கும்போது ஏன் போனார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்த நாளைய நிலவரத்தைப் படித்தேன். 2007-ல் தொடங்கிய கனடாவின் பெண்கள் லீக் பத்து வருஷம் சம்பளமே தராமல் நடந்து, 2017-ல்தான் ஏதோ கொஞ்சம் கொடுக்க ஆரம்பித்து, 2019-ல் இழுத்து மூடப்பட்டது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள்கூடப் பகலில் ஒரு வேலை, ராத்திரியில் பயிற்சி என்று ஓடியிருக்கிறார்கள். இருநூறு பேருக்கு மேல் சேர்ந்து, பிழைக்கத்தக்க ஒரு லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீகிலும் ஆடமாட்டோம் என்று நின்றார்கள். அதற்குப் பலன்தான் 2024-ல் வந்த லீக். முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். ஒவ்வோர் அணியும் ஆறு பேருக்காவது 80,000 டாலருக்குக் குறையாமல் மூன்று வருட ஒப்பந்தம் போட வேண்டும் என்றும் விதி.

லீக் வந்ததும் தாம்சன் படிப்புக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். 2024 தேர்வில் மூன்றாவது ஆளாக மினசோட்டா அணி எடுத்துக்கொண்டது. 2025-ல் அந்த அணி ஆட்டாவாவை வென்று கோப்பை வாங்கியது. அந்த இறுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களும் கூடுதல் நேரத்துக்குப் போய், நான்கும் 2-1 என்றே முடிந்தன. பார்க்கிறவனுக்கே மூச்சு முட்டும், ஆடுகிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதைச் சொன்னால் நம் நண்பர்கள் உடனே, "பார்த்தீர்களா, மனசு வைத்தால் இரண்டையும் செய்யலாம்" என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பெண்ணின் மனசு 2022-லும் அதே மனசுதான். நடுவில் மாறியவை வேறு. ஆடினால் சம்பளம் வந்தது. கல்லூரி விடுப்புக் கொடுத்தது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பெண்ணிடம் போய் "நீயும் தாம்சன் மாதிரி இரு" என்று சொல்வது, சுமையை அவள் தலையிலேயே மறுபடி ஏற்றுவதுதான்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். ஆட்டக்காரர் காலம் குறைவு. முட்டி போனால் முடிந்தது. 35,000 டாலரை வைத்து டொராண்டோவில் வாடகை கொடுத்துவிட்டு மிச்சம் பிடிக்க முடியாது. எல்லாம் வாஸ்தவம். அதனால்தான் படிப்பை விடு என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்கிறேன். படிப்பு நாற்பது வயதிலும் காத்திருக்கும், ஆட்டம் காத்திருக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாலிபாலில் மாவட்ட அணியில் இருந்தாள். மாநில அணித் தேர்வுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். "வாலிபாலா சோறு போடும்? படிப்பா விளையாட்டா, இரண்டில் ஒன்று சொல்" என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. அழவுமில்லை. பந்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டாள். பிறகு நன்றாகப் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள். என் முடிவு சரிதான் என்று இருபத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பேத்தியின் ஈர சாக்ஸையும் கையுறையையும் ஹீட்டர் பக்கத்தில் பரப்பிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்: "அன்னிக்கு உன்னை அனுப்பியிருக்கணுமோம்மா?"

கை நிற்கவில்லை. "ஒரு வருஷம் கழிச்சுப் படிச்சிருந்தாலும் இதே வேலைக்குத்தான்பா வந்திருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த கையுறையை எடுத்தாள்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இப்படி ஒரு தாளை நீட்டினால், பேனாவை எடுங்கள். என்ன ஆகிவிடும் என்று பிறகு யோசிக்கலாம்.