காரைக்குடியா, சென்னையா?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ஆகஸ்ட் வரை எங்கள் ஊரில் கட் ஆஃப் பேச்சுதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கணக்குப் போட்டு, புள்ளிக்குப் பின்னால் வருவதையும் விடாமல் சொல்வார்கள். தேவகோட்டையில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியை. அந்த மாதங்களில் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகலோ மெக்கானிகலோ கிடைக்கும்போல இருக்கிறது. அதே கட் ஆஃபுக்குச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது?

கடன் வாங்கித்தான் தனியார் கல்லூரியில் சேர்க்க முடியும் என்றால் காரைக்குடியை முதலில் போடுங்கள். இதுதான் என் பதில். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் அப்பா வந்திருந்தார். குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், மகள்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவள். “கம்ப்யூட்டர் எடுக்கலன்னா வேலையே கெடைக்காதுன்னு மெட்ராஸ்ல இருக்க தம்பி சொல்றான் டீச்சர்” என்றார். கையில் சென்னைத் தனியார் கல்லூரி ஒன்று கொடுத்த கட்டணத் தாள். 2017இல் அரசுக் குழு தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணத்தை 50,000 ரூபாய் என்றும், தரச்சான்று பெற்ற பிரிவுகளுக்கு 55,000 என்றும் நிர்ணயித்தது. முதல் பட்டதாரிச் சலுகையில் 25,000 கழியும். அதைக் கேள்விப்பட்டு, சமாளித்துவிடலாம் என்ற நினைப்பில் இருந்தார். தாளின் கீழ்ப்பாதியில் விடுதி, மெஸ், பேருந்து, வேலைவாய்ப்புப் பயிற்சி, இன்னும் என்னென்னவோ. கூட்டிப் பார்த்தால், சலுகை போகவும் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம்.

நான்கு லட்சம் வரை சொத்து ஈடு கேட்காமல் வங்கியில் கல்விக்கடன் கிடைக்கும். மீதிக்கு நகை இருக்கிறது என்றார் அவர். நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். பத்து சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் வங்கிக்கு மட்டும் மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். நகைக்கடன் வட்டி தனி. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குப் பல வருடங்களாகத் தருவது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். பிடித்தம் போகக் கையில் வருவதில் சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் 10,000 தின்றுவிடும். மீதியில்தான் தவணையும் கட்டி வீட்டுக்கும் அனுப்ப வேண்டும்.

பணம் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கவலை அதற்கு அடுத்தது. தவணை தொடங்கிவிட்டால் முதலில் வந்த வேலையை அந்தப் பிள்ளை மறுக்க முடியாது. பிடிக்காத வேலையிலிருந்து வெளியே வர முடியாது. ஒரு வருடம் வீட்டில் இருந்து கேட் தேர்வுக்குப் படிக்கிறேன், டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. என்னிடம் படித்ததில் கணக்கில் மிகக் கெட்டிக்காரனான ஒரு பையன் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தான். இரவு ஷிப்டில் வாடிக்கையாளர் புகார்களைப் பதிவுசெய்யும் வேலைதான் முதலில் கிடைத்தது. அதிலேயே இருக்கிறான். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை அவனுக்கு. அவனைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒருவன் அரசுக் கல்லூரியில் மெக்கானிகல் முடித்து, வீட்டில் இருந்து படித்து, இரண்டாவது முறையில் கேட் தேர்வில் நல்ல இடம் பிடித்தான். எம்.டெக். படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது. இப்போது பொதுத்துறை நிறுவனத்தில் இருக்கிறான். அவன் வீட்டிலும் வசதி கிடையாது. கடன் இல்லை, அதனால் காத்திருக்க முடிந்தது.

“அப்ப கம்ப்யூட்டர் வேலைக்குப் போகவே முடியாதா மிஸ்?” என்று அந்த மாணவி கேட்டாள். போகலாம். வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் எலக்ட்ரிகல், மெக்கானிகல், சிவில் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. நிரல் எழுதத் தெரிகிறதா, கணக்குப் போடத் தெரிகிறதா, பேசத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எலக்ட்ரிகல் படித்தவள் மென்பொருளுக்குப் போய்விடலாம்.  எங்கள் பகுதிப் பெற்றோரில் பலருக்கு இது தெரிவதில்லை.

காரைக்குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே இருப்பதால் அதன் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். பொறியியல் கல்லூரி தொடங்கியது 1952இல். அன்று சென்னையையும் கோவையையும் விட்டால் பொறியியல் படிக்க வேறு போக்கிடம் அரிது. இன்று மின்சார வண்டிகளுக்கான லித்தியம் பேட்டரி பற்றி நாடு முழுக்கப் பேசுகிறார்கள். அந்த ஆராய்ச்சி நடக்கும் கூடம் இந்தக் கல்லூரிக்கு அருகில் இருக்கிறது. எலக்ட்ரிகல் படிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் சென்னைப் புறநகரில் கிடைக்காது.

அரசுக் கல்லூரிகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலி. தொகுப்பூதியத்தில் வரும் தற்காலிக ஆசிரியர்களை வைத்து வகுப்பு ஓடுகிறது. சில ஆய்வகங்களில் இயந்திரங்கள் பழையவை. சென்னைக் கல்லூரிகளுக்கு வரும் அளவுக்கு நிறுவனங்கள் தென்மாவட்டத்துக்கு வருவதில்லை. ஆங்கிலம் பேசும் பழக்கத்தைப் பிள்ளையே முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தனியார் கல்லூரியின் விளம்பரத் தாளில் இருப்பதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே பேராசிரியர் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. அதே கல்வியாண்டில், ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடங்கள் பெருகின. அத்தனை பேருக்கும் பாடம் எடுக்க ஆசிரியர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் எத்தனை செக்‌ஷன் என்று கேளுங்கள். என்.பி.ஏ. தரச்சான்று கல்லூரிக்குக் கொடுப்பதல்ல, பிரிவு பிரிவாகக் கொடுப்பது. வாசலில் பலகை இருப்பதால் உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கும் அது இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் வீட்டில் இன்னொரு காரணமும் சொல்வார்கள். தனியார் கல்லூரியில் கட்டுப்பாடு அதிகம், பேருந்து வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பையன்களோடு பேசினால் அபராதம், கைப்பேசி பிடிபட்டால் அம்மா அப்பாவைக் கூட்டிவா என்று நான்கு வருடம் நடத்தப்படுகிறவள், நாளை துணைமின் நிலையத்தில் இருபது ஆண்களுக்கு நடுவில் நின்று எப்படி வேலை வாங்குவாள்? தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து இருக்கிறது. அவள் தானே ஏறி, தானே இறங்கிப் போய்ப் படித்து வரட்டும்.

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரி என்றாலும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. கடன் பேச்சுக்கே இடமில்லை, பிள்ளைக்குப் பிடித்ததைப் போடலாம். எங்கள் பள்ளிபோல உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. அவர்கள் வீடுகளில் வறுமை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற பழைய கல்லூரிகளில் அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைக்கும் கட் ஆஃப் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அந்த மாணவி காரைக்குடியை முதலில் போட்டாள். எலக்ட்ரிகல் கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணிதம் திணறடித்தது, இரண்டாவதில் சரியாகிவிட்டது.

அரசுக்கு இரண்டு கோரிக்கைகள். கலந்தாய்வுக்கான இணையதளத்தில் விருப்பப் பட்டியல் நிரப்பும் பக்கத்திலேயே, ஒவ்வொரு கல்லூரிக்கும் விடுதியும் பேருந்தும் சேர்த்த முழு ஆண்டுச் செலவு, அந்தப் பிரிவின் நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கை, முதலாண்டுத் தேர்ச்சி விகிதம் மூன்றையும் தமிழில் போடுங்கள். தற்காலிக இடம் ஒதுக்கியதும் உறுதிசெய்யக் கொடுக்கும் சில நாட்களில் குட்டியானை ஓட்டும் ஒருவர் இதையெல்லாம் அலைந்து விசாரிக்க முடியாது. அரசுப் பொறியியல் கல்லூரிகளில் காலியாக இருக்கும் பேராசிரியர் பணியிடங்களை அடுத்த கலந்தாய்வுக்கு முன் நிரப்புங்கள்.