சிறுவர் நூல்களும் நெசவாளர் மக்களும்

குழந்தை முதலிற் பழகும் உலகம் வீடு. அடுத்துப் பழகும் உலகம் நூல். வீட்டிற் கண்டதை நூலிலும் காணுங்கால், கல்வி தனக்கும் உரியதென அக்குழந்தை துணிகின்றது. காணாதொழியின், கல்வி பிறர் உடைமையென்றும், தான் அதன் வாயிலில் நிற்கும் அயலானென்றும் எண்ணிவிடுகின்றது.

அமெரிக்காவில் டூ பாய்ஸ் என்னும் அறிஞர் இவ்வுண்மையை உணர்ந்து, 1920-ஆம் ஆண்டிற் கறுப்பினச் சிறுவர்க்கெனவே ஒரு மாத இதழ் தொடங்கினார். அஃது ஈராண்டே நடைபெற்றது. 1962 முதல் 1964 வரை அந்நாட்டில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் அம்மையார் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏழுக்கும் குறைந்த நூல்களிலேயே கறுப்பின மக்கள் இடம்பெற்றிருக்கக் கண்டார். நைஜீரிய நாட்டுப் பெரும் புலவர் சினுவா ஆச்செபியும், தம் நாட்டுச் சிறுவன் ஒருவனைத் தலைவனாக்கி 1966-இல் ஒரு சிறு கதைநூல் வெளியிட்டார்.

நைஜீரியா நமக்கு முற்றும் அயலன்று. நம் தாம்பரத்தை அடுத்து, அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூரில் நெய்த கட்டம்போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணி ஒருகாலத்தில் அந்நாட்டிற்குக் கப்பலேறிற்று. இன்றும் அவ்வூரார் சிலர் வாழைநாரிற் சேலை நெய்கின்றனர். அவர்கள் நெய்த துணி கடல் கடந்தது. அவர்கள் வாழ்க்கையோ தம் மக்கள் படிக்கும் கதைநூலினுள்ளும் புகவில்லை. தந்தை தறியில் அமர, தாய் தார் சுற்ற, கட்டம் பிசகாமல் இழையெண்ணும் கணக்கை விளையாட்டாகவே கற்கும் சிறுமி ஒருத்தியை நம் கதைகளில் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்? திருவள்ளுவர் நெசவாளர் என்று செவிவழிச் செய்தி கூறும் நாட்டிலே இந்நிலை நகைப்பிற்குரியதன்றோ!

இடம்பெறாமையினும் கொடியது இழிவாக இடம்பெறுதல். 2020-ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்துப் பள்ளியொன்றில், ஆங்கில எழுத்துக் கற்பிக்கும் நூலில், 'அழகற்றவன்' என்னும் பொருளுடைய சொல்லுக்குக் கருநிற மனிதனின் படம் அச்சிடப்பட்டிருந்தது. ஆசிரியைகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அப்படத்தைக் கண்ட கருநிறக் குழந்தையின் உள்ளத்திற் பதிந்ததை எவ்வாணையால் நீக்க இயலும்?

நெசவாளன் மகன் நெசவைப் பற்றியே படிப்பின், தறிக்குழியிலேயே கட்டுண்டு கிடப்பான் எனச் சிலர் கூறலாம். அவன் மருத்துவனாகலாம், மாலுமியாகலாம். அவன் போக்கை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. ஆயின் தன் வீட்டிற்கு நாணுபவன் அதைவிட்டு ஓடுகின்றான். அதை மதிப்பவன் நிமிர்ந்து புறப்படுகின்றான். இரண்டும் ஒன்றல்ல. அன்றியும், சேலை வாங்கும் வீட்டுக் குழந்தையும் அதனை நெய்த கையை அறிய வேண்டும். தன் முகத்தை மட்டுமே நூலிற் காணும் குழந்தை பிறரை மதிக்கக் கற்பதெங்ஙனம்?

ஒன்று நினைவிற்கொள்ளத் தக்கது. உழைப்பாளர் நூலிற் புகுங்கால் இரக்கத்திற்குரியராய் மட்டும் புகுதலாகாது. அவர்தம் அறிவும், நகைச்சுவையும், சினமும், பிடிவாதமும் உடன்வருதல் வேண்டும். செல்வர் தரும் பரிசைப் பெற்றுக் கைகூப்பி நிற்கும் ஏழைச் சிறுவன் நம் கதைகளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டான்.

தமிழ் பயிலும் மாணவ நண்பர்களே! விடுமுறையில் அனகாபுத்தூர்த் தறிகளின் அருகே சென்று அமருங்கள். கேட்டதை எளிய தமிழிற் சிறு நூல்களாக எழுதுங்கள். எழுதியதை அச்சிடுமுன் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே படித்துக் காட்டுங்கள். "எங்கள் வீட்டில் இப்படியன்று" என்று அவர்கள் திருத்துவாராயின், திருத்திக்கொள்ளுங்கள். அவ்வாறு திருத்தும் பிள்ளை அன்றே அந்நூலுக்கு உரிமையுடையதாகிவிடும்.