வாதுமைக் கிளையும் கந்தைத் துணியும்

இறைவாக்கினர் எரேமியா கண்ட முதற்காட்சி மிக எளியது. ஏசாயா கண்ட உயர்ந்த சிங்காசனம் அதில் இல்லை. எசேக்கியேல் கண்ட சுழலும் சக்கரங்களும் இல்லை. என்ன காண்கிறாய் என்று கடவுள் வினவ, வாதுமை மரக்கிளை ஒன்றைக் காண்பதாக அவர் விடை கூறுகிறார். சரியாகவே கண்டாய் என்று பாராட்டும் கிடைக்கிறது. ஒரு கிளையைக் கிளை என்று சொன்னதற்கு ஏன் இந்தப் பாராட்டு? இவ்வினாவை எழுப்பாமல் இப்பகுதியைக் கடந்து செல்பவர்களே நம்மில் மிகுதி.

விடை எபிரேய மொழியில் இருக்கிறது. வாதுமைக்கு அம்மொழியில் 'ஷாகேத்' என்று பெயர். விழித்துக் காத்திருப்பவனை 'ஷோகேத்' என்பர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. உயிர்க்குறிகள் இன்றி மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதும் பழைய முறையில் இவ்விரு சொற்களும் ஒரே மூன்று எழுத்துகளாக அமைகின்றன. மரமும் தன் பெயருக்கேற்பவே நடக்கிறது. பாலஸ்தீன மலைநாட்டில் பிற மரங்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்க, சனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் இலை துளிர்க்கும் முன்பே வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பது வாதுமை. எருசலேமுக்கு வடகிழக்கே ஆனதோத்தில் பிறந்த எரேமியாவுக்கு அது அயல்மரமன்று. அவர் அம்மரத்தின் பெயரைச் சொன்னவுடன், தம் வாக்கை நிறைவேற்றத் தாம் விழித்திருப்பதாகக் கடவுள் உரைக்கிறார். காட்சி முழுவதும் ஒரு சிலேடையின்மேல் நிற்கிறது.

காளமேகத்தின் சிலேடைகளை வேற்றுமொழியில் பெயர்த்தால் என்ன எஞ்சும் என்பதை நாம் அறிவோம். அதே இழப்பு இங்கும் நேர்ந்திருக்கிறது. நம்மிடையே நெடுங்காலமாகப் பயிலும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போலவே, விழிப்பு என்ற பொருளை விடுத்து விரைவு என்ற பொருளைக் கொண்டது. முந்திப் பூக்கும் மரமாதலின் அதற்கும் ஓர் இயைபு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் விளைவாக, 'உன் ஆசீர்வாதம் விரைந்து வரும்' என்னும் வாக்குறுதியாகவே இப்பகுதி பல மேடைகளில் விளக்கப்படுகிறது.

எரேமியாவின் வாழ்க்கை இவ்விளக்கத்திற்கு இடம் தரவில்லை என்பதே நம் கருத்து. யோசியா அரசனின் 13ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 627இல், அவர் அழைக்கப்பட்டார். அவர் முன்னறிவித்த எருசலேமின் வீழ்ச்சியோ கி.மு. 587 அல்லது 586இல் நிகழ்ந்தது. இடையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள்! கர்த்தருடைய வார்த்தை எங்கே, அது இப்போது வரட்டுமே என்று ஊரார் எள்ளியதை அவரே பதிவு செய்திருக்கிறார். விரைவுதான் வாக்குறுதியென்றால் அது பொய்த்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். விழிப்பே வாக்குறுதி என்று கொண்டால், அந்த 40 ஆண்டுகளும் அதனுள் அடங்கிவிடுகின்றன. யோயாக்கீம் அரசன் குளிர்காலத்தில் கணப்பின்முன் அமர்ந்து, எரேமியாவின் ஏட்டுச்சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக் அதனை மீண்டும் எழுதினார். முன்னில்லாத சொற்களும் அதில் சேர்ந்தன. நெருப்பிலும் வாக்கு உறங்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கடவுள் தம் வாக்கைக் காத்தார் சரி. அதைச் சுமந்த மனிதரைக் காத்தாரா? அவர் அடிக்கப்பட்டார், தொழுவில் மாட்டப்பட்டார், தாம் பிறந்த நாளையே சபித்துப் புலம்பினார். இறுதியில் நீரற்ற கிணறு ஒன்றில் இறக்கப்பட்டுச் சேற்றில் அமிழ்ந்தார். உன்னோடு இருந்து உன்னைக் காப்பேன் என்ற சொல்லின் பொருள் இதுதானா?

நாம் விடையை அந்தக் கிணற்றின் விளிம்பில் காண்கிறோம். எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியர், அரண்மனைப் பணியாளர், அயல்நாட்டவர், அரசனிடம் சென்று துணிந்து பேசி இசைவு பெறுகிறார். கயிற்றோடு நேரே ஓடிவிடவில்லை. அரண்மனைக் கருவூலத்தின் கீழிருந்த அறைக்குச் சென்று கிழிந்த பழந்துணிகளைத் திரட்டி வருகிறார். கயிறு அறுக்காதபடி அத்துணிகளை அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு சொல்லி, அதன் பின்னரே தூக்கச் செய்கிறார். ஓர் அரசு வீழும் கதையை உரைக்கும் நூல், மெலிந்த ஒருவரின் அக்குளில் வைத்த கந்தையைப் பற்றிச் சொல்லாமல் விடவில்லை. கடவுளின் பரிவு என்பது கிணறே இல்லாத வாழ்வு அன்று. கிணற்றுக்குள்ளும் கயிற்றின் உராய்வு வரை நினைத்துப் பார்க்கும் விழிப்பு. அவ்விழிப்பு பெரும்பாலும் ஒரு மனிதக் கையின் வழியாகவே வந்து சேர்கிறது. அந்தக் கைக்கு உரியவரையும் கடவுள் மறக்கவில்லை. நகரம் விழும் நாளில் எபெத்மெலேக் தப்புவார் என்ற வாக்கு அவருக்கு உண்டு.

நூலின் தொடக்கத்தில் எரேமியாவுக்கு இடப்பட்ட பணி ஆறு வினைகளால் ஆனது. பிடுங்கவும், இடிக்கவும், அழிக்கவும், கவிழ்க்கவும் எனத் தகர்ப்பன நான்கு. கட்டவும், நடவும் என ஆக்குவன இரண்டு. 31ஆம் அதிகாரத்தில் அதே விழித்திருத்தல் என்னும் வினை திரும்ப வருகிறது. பிடுங்கவும் இடிக்கவும் விழித்திருந்தது போலவே, கட்டவும் நடவும் விழித்திருப்பேன் என்பது அங்கே காணும் பொருள். கண்டிப்பதற்கு ஒரு கண்ணும் அணைப்பதற்கு வேறொரு கண்ணுமாக அவர் நோக்கவில்லை. இடிக்கும்போது அச்சுறுத்தலாகத் தோன்றிய அதே விழிப்பு, நடும்போது அன்பாகத் தெரிகிறது.

ஆகவே வாதுமைக் கிளையை அவசரப்படுவோரின் ஆறுதலாகச் சுருக்குவது முறையன்று. குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. குளிர் நடுவிலும் ஒருவர் விழித்திருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. 40 ஆண்டுகள் தாங்கி நிற்க எரேமியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கிளையைச் சரியாகக் காண்பவர், அடுத்தவர் விழுந்த கிணற்றருகே கயிற்றோடு சிறிது கந்தைத் துணியும் கொண்டு செல்லக் கற்பார்.