வேலையை விட்டால்தான் கலையா? 'மேட்மோஸ்' தரும் பதில்

ஒரு வாஷிங் மெஷின். தண்ணீர் நிரம்பி, சுழன்று, பிழிந்து, கடைசியில் 'முடிஞ்சுது' என்று கத்தும் வரை அது போடும் சத்தம். இதை மட்டும் வைத்து 38 நிமிட ஆல்பம் போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள். 2016-ல் வந்த 'அல்டிமேட் கேர் 2' ஆல்பத்தில் வேறு இசைக்கருவியே கிடையாது. மெஷினை ஓடவிட்டு, தட்டி, தேய்த்து, பதிவான ஒலிகளை கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி உருவாக்கிய ஒரே டிராக். ஆல்பத்தின் பெயரும் அந்த மெஷினின் மாடல் பெயர்தான்!

யார் இவர்கள்?

ட்ரூ டேனியல், எம்.சி. ஷ்மிட் என்ற இருவர்தான் 'மேட்மோஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த இவர்கள் வாழ்க்கையிலும் இணையர். முதல் ஆல்பம் 1997-ல் வந்தது. ஐஸ்லாந்து பாடகி பியோர்க்கின் 'வெஸ்பர்டைன்' (2001) ஆல்பத்தில் வேலை செய்து, அவரோடு உலகச் சுற்றுப்பயணமும் போனபோது பலருக்கும் தெரியவந்தார்கள்.

அதே 2001-ல் ஆபரேஷன் தியேட்டர் ஒலிகளை வைத்து ஓர் ஆல்பம். கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சை, லேசர் கண் சிகிச்சை எல்லாம் அதில் தாளமாகின. அது பேசப்பட்டதும் 'பார்ட் 2' போட்டார்களா? இல்லை. 2003-ல் நாட்டுப்புற இசைக்கருவிகள் பக்கம் போய்விட்டார்கள். 2019-ல் பிளாஸ்டிக் பொருட்களின் ஒலி மட்டும். 2020-ல் 99 பேரிடம் ஒலிகளை வாங்கி 3 மணி நேர ஆல்பம். அவர்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை: நிமிடத்துக்கு 99 துடிப்பு வேகம்.

இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது?

பியோர்க்குடன் மேடையேறிய பிறகும் டேனியல் படிப்பை விடவில்லை. முனைவர் பட்டம் முடித்து, பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஆனார். ஷேக்ஸ்பியர் காலத்து இலக்கியம் அவருடைய துறை.

'வேலையைத் தூக்கிப் போடு, கனவைத் துரத்து' என்று ரீல்ஸில் தினமும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனா, அந்தக் கனவே வாடகையும் கட்டணும்னா என்ன ஆகும்? எது ஓடியதோ அதையே திரும்பச் செய்ய வேண்டிவரும். அல்காரிதம் புது முதலாளி ஆகிவிடும். மாதச் சம்பளம் ஒன்று வந்துகொண்டிருந்தால், அடுத்த ஆல்பம் ஓடுமா என்ற கவலை கொஞ்சம் குறையும். மேட்மோஸ் ஒவ்வொரு முறையும் புது விதி போட்டு விளையாட முடிந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

'பேராசிரியருக்கு லீவு கிடைக்கும், நைட் ஷிஃப்ட் பார்க்கிற எனக்கு ஏது நேரம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை முடிந்த பிறகும் ஆபீஸ் மெசேஜ்கள் வந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையில் சம்பளம் மட்டும் கலையைக் காப்பாற்றாது. அதனால்தான் வேலையை விடும் தைரியத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வேலை நேரம் எத்தனை மணியோடு முடியணும் என்று பேச ஆரம்பிக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை முழுசா நம் கையில் இருந்தாலே எதையாவது தொடங்கிவிடலாம்.

தொடங்குவதற்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பொருள், ஒரு விதி போதும். அந்த வாஷிங் மெஷின்கூட ஆல்பத்துக்காக வாங்கியது இல்லை. அவர்கள் வீட்டு அடித்தளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்ததுதான்.