கடைமடையில் நின்று பார்த்தால்

பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீர் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்ட ஊர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் குறுக்கே 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை அது. ஈரோடு, கரூர் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனம் பெறும் என்று சொல்லிக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கத் தொட்டியாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பதை நிறுத்தியது. வாய்க்கால் தண்ணீர் வந்தால் பயிர் பிழைக்கும் என்று காத்திருந்தவர்கள், வந்தால் நிலம் செத்துவிடும் என்று அஞ்சத் தொடங்கினார்கள்.

இத்தனைக்கும் அணையின் கரையில் விரிசல் இல்லை. மதகுகள் திறந்தன, மூடின. கட்டுமானத்தை மட்டும் வைத்து மதிப்பிடும் யாரும் அந்த அணைக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டிருப்பார்கள். நீர் நிர்வாகத்தை எங்கே நின்று அளக்கிறோம் என்ற கேள்வியை எனக்கு முதலில் எழுப்பியது இந்த அணைதான்.

நம் பாசன மரபில் இதற்கு விடை உண்டு. மேட்டூர் அணை திறந்து நாள்கள் ஓடியதும் டெல்டாவில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா? தூர்வாரியது உண்மையா, ஷட்டர் பழுது பார்த்தார்களா, தலைமடைக்காரர்கள் கூடுதலாக இழுத்துக்கொண்டார்களா, முறைப்பாசனம் நியாயமாக நடந்ததா என்று இருபது கேள்வி கேட்க வேண்டியதில்லை. கடைசி வயலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் அத்தனைக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்றைய மதிப்பீட்டுப் பட்டியல்கள் வேறு இடத்தில் நின்று அளக்கின்றன. நகரக் குடிநீர் சேவைக்கு மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் ஒன்பது அளவுகோல்களை வகுத்தது. எல்லா வீட்டுக்கும் இணைப்பு, தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், நாள் முழுக்கத் தண்ணீர், எல்லா இணைப்புக்கும் மீட்டர், கணக்கில் வராத நீர் 20 சதவீதத்துக்குள், செலவு முழுவதையும் ஈடுகட்டும் வரவு என்று அது போகிறது. நல்ல பட்டியல்தான். உள்ளாட்சிகள் தங்களைத் தாங்களே எண்களில் பார்க்கத் தொடங்கியதற்கு அது ஒரு காரணம். வீட்டுக்குள் குழாய் வருவது சாதாரண விஷயமும் இல்லை. குடம் தூக்கி நடந்த தலைமுறையைக் கேட்டால் தெரியும்.

ஆனால், சராசரி எண்ணுக்குள் நிறைய விஷயங்கள் மறைந்துவிடுகின்றன. நான் சில காலம் குடியிருந்த ஒரு புறநகர்ப் பகுதியில் எங்கள் வீட்டு நாள்காட்டிதான் தண்ணீர்க் கணக்கேடு. ‘நல்ல தண்ணி’ வந்த தேதியை அம்மா பேனாவால் வட்டமிட்டு வைப்பார். மாதத்துக்கு மூன்று வட்டம், சில மாதம் நான்கு. இரண்டு வட்டத்துக்கு நடுவே உப்புத் தண்ணீரில் துணி வெளுத்தோம். சமையலுக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். எட்டாம் நாள் தாண்டினால் வெளியூர்ப் பயணம் கிடையாது; நள்ளிரவில் குழாயில் காற்று சீறினால் வீடே எழுந்துகொள்ளும். உள்ளாட்சியின் பதிவேட்டில் நாங்கள் ‘இணைப்பு பெற்ற வீடு’. எட்டு நாள் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அதை எட்டால் வகுத்தால் தலைக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு கௌரவமான எண்ணும் வந்துவிடும். அம்மா விழித்திருந்த இரவுகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதைவிடப் பெரிய விடுதல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 135 லிட்டர் தந்தால் 108 லிட்டர் திரும்பி வரும். கழிவுநீருக்கும் அதே 2008-இல் தனிப் பட்டியல் போட்டார்கள்: எவ்வளவு திரட்டினோம், எவ்வளவு சுத்திகரித்தோம், தரம் என்ன என்று. மிச்சம் எந்த ஆற்றில் விழுந்தது, அந்த ஆறு அதற்குப் பிறகு என்ன ஆனது என்ற கேள்வி அதிலும் இல்லை. நகராட்சி எல்லையோடு மதிப்பெண் பட்டியல் முடிந்துவிடுகிறது. ஆறு எல்லையில் நிற்பதில்லையே.

நொய்யலையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடி, நொய்யல் என்ற ஊரில் காவிரியோடு கலக்கிறது. அதன் கரையில் இரண்டு பெரிய மாநகரங்கள். இரண்டுமே குடிநீருக்கு நம்பியிருப்பது வேறு ஆறுகளை. கோவைக்குச் சிறுவாணியும், பவானியின் பில்லூர் நீரும். திருப்பூருக்கும் பவானிப் பக்கத்து நீர். நல்ல தண்ணீர் அடுத்த வடிநிலத்திலிருந்து வருகிறது, கழிவுநீர் நொய்யலுக்குப் போகிறது. தான் குடிக்காத ஆற்றைக் காக்க வேண்டிய அவசரம் ஒரு நகரத்துக்கு வராது. குழாயில் தண்ணீர் வரும்வரை ஆறு செத்தது பதிவேட்டில் தெரியாது.

பழைய ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள், முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள். மழைக்கால வெள்ளத்தை ராஜவாய்க்கால் குளத்துக்குத் திருப்பும். குளம் நிறைந்து வழிந்தால் அடுத்த குளம். கடைசியில் மீண்டும் ஆறு. மேல்குளத்துக்காரர் வாய்க்காலை அடைத்தால் கீழ்க்குளத்துக்காரர் மறுநாள் காலை வாசலில் நிற்பார். இன்று கோவையில் உக்கடம் பெரியகுளத்தின் கரையிலும் வாலாங்குளத்தின் கரையிலும் பொலிவுறு நகரத் திட்டத்தில் நடைபாதையும் விளக்கும் வந்திருக்கின்றன. மாலையில் குடும்பங்கள் உலாவுவதைப் பார்க்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குளத்தின் மதிப்பெண், நீருக்குள் வரும் சாக்கடை நின்றதா என்பதைக் கொண்டு போடப்பட வேண்டியது.

திருப்பூரில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. பருத்திப் பின்னலாடையில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். லிட்டருக்கு 40, 50 கிராம். அடர்நிறமானால் அதற்கும் மேல். துணியில் ஏறுவது சாயம்தான்; உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே போகும். கழிவு பிரச்சினையானதும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தைக் குறைத்தன, உயிரியல் மாசைக் குறைத்தன. கரைந்திருந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. வெளியேற்றும் கழிவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று விதி இருந்தது. நிலையம் கட்டியாயிற்று, ஓடுகிறது, நிறம் குறைந்திருக்கிறது என்று காட்ட முடிந்தது. நிலத்தைக் கொன்ற பொருள் மட்டும் அப்படியே ஆற்றில் இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்ததை அகற்றிவிட்டு, நாக்குக்குத் தெரிவதை விட்டுவிட்டார்கள்.

அதைச் சரிசெய்யும் வேலை நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. பாசன விவசாயிகளின் சங்கங்கள் 1990-களின் நடுவிலிருந்து வழக்காடின. சூழல் இழப்பு ஆணையம் 2004-இல் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூடத் தேறாது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. ஒரே நாளில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். விவசாயி 15 ஆண்டு காத்திருந்ததும் தொழிலாளி ஒரே இரவில் வேலை இழந்ததும் ஒரே நிர்வாகத் தோல்வியின் இரண்டு முனைகள்.

இதே காலத்தில்தான் திருப்பூரின் குடிநீர்த் திட்டம் நாடெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. தனியார் பங்கேற்புடன் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆலைகளுக்குக் கிலோலிட்டர் 45 ரூபாய். அந்த வருமானத்தில் வீடுகளுக்குக் குறைந்த விலை. ஏட்டில் அழகான கணக்கு. பட்டறைகள் மூடப்பட்டதும் விற்பனை சரிந்தது. பிறகு கழிவில்லா முறைக்கு மாறிய பட்டறைகள் தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதால் புதுத் தண்ணீர் வாங்குவதும் குறைந்தது. ஆற்றுக்கு நல்லது நடந்தால் குடிநீர் நிறுவனத்தின் வரவு குறைகிறது. அதிகத் தண்ணீர் விற்பனையைக் குடிநீர்ப் பட்டியல் பாராட்டும். ஆற்றுக்கென்று ஒரு பட்டியல் இருந்தால் அதே எண்ணைக் கண்டிக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் அலுவலகம் எது?

ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2015-இல் நீர் ஆளுகைக்கு 12 கோட்பாடுகளை வெளியிட்டது. யாருக்கு என்ன பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. வடிநில அளவில் நிர்வகிக்க வேண்டும் என்பது இரண்டாவது. நொய்யலில் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவோம். அணைக்கட்டு நீர்வளத் துறைக்கு, கழிவின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, சாக்கடை மாநகராட்சிக்கு, கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு, ஆக்கிரமிப்பு வருவாய்த் துறைக்கு, ஊற்றுக்கண் வனத் துறைக்கு. இவற்றின் மேல் நான்கு மாவட்ட ஆட்சியர்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்ததாகக் கோப்பில் காட்டலாம், அது பொய்யாகவும் இராது. முழு ஆற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மட்டும் இல்லை. மாநிலங்களுக்கு இடையேயான ஆறுகளுக்கு வாரியம் அமைக்க 1956-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமையவில்லை. நிதி ஆயோக் 2018-இல் கொண்டுவந்த நீர் மேலாண்மைக் குறியீட்டில் 28 அளவுகோல்கள் இருக்கின்றன. அவை தரவரிசைப்படுத்துவது மாநிலங்களை, ஆறுகளை இல்லை.

ஆற்று நீரில் அளவெடுப்பு நடக்கத்தான் செய்கிறது. என் குறை, அந்த அளவு எந்த அதிகாரியின் மதிப்பெண்ணையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்பதே. கோவை மாநகராட்சியின் செயல்பாட்டை, நொய்யல் அதன் எல்லையைத் தாண்டி வெளியேறும் இடத்தில் எடுத்த நீரின் தரத்தோடு சேர்த்து மதிப்பிட வேண்டும். திருப்பூருக்கு ஒரத்துப்பாளையத்தில். முழு வடிநிலத்துக்கும் காவிரியில் கலக்கும் இடத்தில். அந்த எண்ணுக்கேற்ப மாநில நிதியின் ஒரு பகுதி கூடவோ குறையவோ செய்தால் போதும். மேலே உள்ள அத்தனை அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசி திட்டத்துக்கும் இதையே சொல்வேன். பவானியின் உபரி நீர் ஒன்றரை டிஎம்சி, 1,045 குளங்குட்டைகளுக்கு. எத்தனை குளத்தில் குழாய் திறந்தது என்பது தொடக்க விழாவுக்கான கணக்கு. மூன்று கோடை கழித்துப் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி ஏறியது என்பதே திட்டத்தின் கணக்கு.

இதற்குப் புது ஆள் தேட வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதே பெட்டியை ஆற்றங்கரைக் கிணற்றுக்கும் கொண்டுபோகலாம். உப்பின் அளவைக் காட்டும் கைக்கருவி சில நூறு ரூபாய்தான்.

ஒரத்துப்பாளையம் பக்கம் ஒரு பெரியவரின் தோட்டத்தில் நின்றிருந்தேன். கிணற்று நீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். “போன வருசத்துக்குப் பரவாயில்லீங்க. ஆனா எலுமிச்சை இன்னும் வராது, தென்னைக்கு ஆகும்” என்றார். முப்பதாண்டுகளாக அவரிடம் இருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று நொய்யல் கரை ஊர்களில் அந்த ஆண்டின் ஆற்று நீர் அளவையும் கிணற்று நீர் அளவையும் அதிகாரி ஒருவர் எழுந்து நின்று வாசிக்கட்டும். தாளில் இருக்கும் எண்ணும் பெரியவரின் நாக்கும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.