மலிவான சீமைத் துப்பாக்கி: ஆசைப்படலாமா?

மெரினா கடற்கரைக்குப் போனால் பலூன் சுடாமல் திரும்புகிற குடும்பம் உண்டா? அப்பா சுடுவார். பையன் சுடுவான். அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை சுட்டுப் பார்ப்பார். பலூன் "டப்" என்று வெடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம்!

குறி பார்த்துச் சுடுவது நல்ல விளையாட்டு. கண்ணும் கையும் மனமும் ஒன்றாக நிற்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். கோபக்காரனுக்கு அது வராது. பொறுமைசாலிக்குத்தான் வரும்.

ஆனால் சிலருக்கு ஆசை பலூனோடு நிற்பதில்லை. "வெளிநாட்டு ரிவால்வர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமே! சுட்டுப் பழகவும் ஆச்சு, வீட்டுக்குக் காவலும் ஆச்சு" என்று நினைக்கிறார்கள். இப்படி நினைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. தாம்பரத்திலும் உண்டு.

இந்த ஆசை வேண்டாம். அதற்குக் காரணங்கள் மூன்று.

மலிவான வெளிநாட்டு ரிவால்வர் என்று ஒன்று சட்டப்படி கிடையாது. சட்டத்துக்கு வெளியே கிடைப்பது ஜெயிலுக்கு வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு ரிவால்வரே தேவை இல்லை!

ஒரு நிமிடக் கோபம்

ரிவால்வர் என்றால் சுழல் துப்பாக்கி. அதன் நடுவில் ஓர் உருளை இருக்கும். அதில் பெரும்பாலும் ஆறு குண்டு போடலாம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் உருளை சுழன்று அடுத்த குண்டு வந்து நிற்கும். அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சட்டைப்பையில் அடங்கும். விரலை அசைத்தால் போதும், வெடிக்கும். அதுதான் அதன் வசதி. அதுதான் அதன் ஆபத்தும்!

தெற்குப் புறநகர்வாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. 1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி நடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். ராமாவரம் தோட்டத்து வீட்டில், எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா ரிவால்வரால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தார். ஆனால் அவருடைய பழைய குரல் திரும்பவில்லை. ராதாவும் குண்டுக் காயம் அடைந்தார். பிறகு ஜெயிலுக்குப் போனார்.

இருவரும் எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். நாடே அறிந்த கலைஞர்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவிலேயே ஒரு ரிவால்வர் இவ்வளவு செய்தது. சாதாரண வீட்டில், அண்ணன் தம்பி தகராற்றில், புருஷன் பெண்டாட்டி சண்டையில், அது என்ன செய்யாது?

லைசென்சு

நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது யாருடைய உரிமையும் அல்ல. அரசாங்கம் கொடுக்கும் அனுமதி. இதற்கென்று 1959-ம் ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது.

2022-ம் ஆண்டு ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் ஏற்பட்டது. அங்கே வசிப்பவர்கள் லைசென்சுக்குப் போலீஸ் கமிஷனரிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கி எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். போலீசார் விசாரிப்பார்கள். உடலும் மனமும் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காரணம் போதாது என்று பட்டால், மனு தள்ளுபடி!

கிடைத்தாலும் கட்டுப்பாடு ஓயாது. லைசென்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இத்தனை குண்டுதான் வாங்கலாம் என்று அளவு உண்டு. தேர்தல் வந்தால், துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

சரி, வெளிநாட்டுத் துப்பாக்கி? தனி நபர்கள் இஷ்டப்படி துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசாங்கம் 1980-களிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு வந்தவைதான் லைசென்சுதாரர்களுக்குள் கை மாறுகின்றன. புதிது வரவில்லை, கேட்பவர்களோ குறையவில்லை. ஆகவே விலை ஏறிவிட்டது. பழசு ஆக ஆக விலை குறைவது உலக வழக்கம். இங்கே பழசு ஆக ஆக விலை கூடியது!

உள்நாட்டுச் சரக்காவது மலிவா? கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 2014-ம் ஆண்டில் பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற சிறிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ. அன்றைக்கே அதன் விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு.

"மேட் இன்" முத்திரை

அப்படியானால், "வெளிநாட்டுச் சரக்கு, குறைந்த விலை" என்று யாராவது காதோடு காதாகச் சொன்னால் அது என்ன?

ஒன்று, திருட்டுத்தனமாகக் கடத்தி வந்தது. அல்லது, வெளிநாட்டுச் சரக்கே அல்ல. பீகாரில் முங்கேர் என்ற ஊர் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் போனது. லைசென்சு பெற்ற தொழிற்சாலைகளும் அங்கே உண்டு. கள்ளத் துப்பாக்கி செய்கிறவர்களும் உண்டு. கள்ளத் துப்பாக்கியின் மேல் வெளிநாட்டு முத்திரையைக் குத்தி விற்பது பழைய மோசடி.

இப்படிப்பட்ட துப்பாக்கியின் இரும்பு எந்த இரும்பு என்று யார் கண்டது? சுடும்போது குண்டு முன்னால் போகாமல், துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். விரல் போகும். கண் போகும்.

போலீசில் சிக்கினாலோ, வீடு தெருவுக்கு வரும். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டு ஜெயில். 5 ஆண்டு வரையிலும் போடலாம். "சுட்டுப் பழகத்தான் வாங்கினேன்" என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது.

வழி தவறும் குண்டு

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ரிவால்வரை வாங்கி எங்கே சுட்டுப் பழகுவது? சேலையூரில் மொட்டை மாடியிலா? பெருங்களத்தூரில் ஏரிக் கரையிலா? வீடும் வீடும் ஒட்டி நிற்கிற இடங்கள் அவை.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியாது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு சுடுதளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான்.

அது படையினரின் துப்பாக்கி. ரிவால்வரைவிடப் பல மடங்கு தூரம் சுடும். இருந்தாலும் பாடம் ஒன்றுதான். பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே அமைத்த இடத்தில் சுட்டபோதே இப்படி நேர்ந்தது. மொட்டை மாடியில் சுடுகிறவர் எந்தக் குண்டுக்கு உத்தரவாதம் கொடுப்பார்?

காற்றே போதும்

"அப்படியானால் சுடும் விளையாட்டே கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகக் கூடும்! ஆனால் அதற்கு ரிவால்வர் வேண்டாம்.

ரிவால்வர் ரகத் துப்பாக்கிக்கு உலகப் போட்டியில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒலிம்பிக்கில் அதுவும் இல்லை. ஒலிம்பிக்கில் பெயர் பெற்ற பந்தயம் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயம். வெடிமருந்து கிடையாது. காற்றின் அழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை பறக்கும். கைத்துப்பாக்கிப் பந்தயத்தில் பத்து மார்க்கு வாங்க, 11.5 மில்லிமீட்டர் வட்டத்தில் அடிக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பொத்தான்! 33 அடி தூரத்தில் நின்று, 75 நிமிடத்துக்குள் 60 தடவை சுட வேண்டும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

இந்தியாவுக்குத் தனி நபர் வாங்கித் தந்த முதல் ஒலிம்பிக் தங்கம் எது? 2008-ம் ஆண்டு அபினவ் பிந்த்ரா வாங்கியது. காற்று ரைபிளில்! 2024-ம் ஆண்டு பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். இரண்டும் காற்றுக் கைத்துப்பாக்கியில்! கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019-ம் ஆண்டு ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வாங்கியதும் காற்று ரைபிளில்தான்.

4.5 மில்லிமீட்டர் ரவை போடும், வேகம் குறைந்த காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு தேவை இல்லை. அதற்காக அது பொம்மை அல்ல. கண்ணில் பட்டால் கண் போகும். கிளி, மைனாவைச் சுட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

"போட்டிக்கு உகந்த காற்றுத் துப்பாக்கியும் விலை அதிகம் அல்லவா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. முதல் தரமான வெளிநாட்டுச் சரக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். ஆனால் முதல் நாளே அது யாருக்கு வேண்டும்? முதலில் ஒரு சங்கத்தில் சேர்ந்து, அங்கே உள்ள துப்பாக்கியில் பழக வேண்டும். 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கமும் மாநிலச் சங்கங்களும் போட்டிகள் நடத்துகின்றன. தகுதி பெற்று உயர்ந்த வீரர்களுக்கு, வெளிநாட்டுத் துப்பாக்கி வரவழைக்க அரசாங்கம் தனி அனுமதி கொடுக்கிறது. முதலில் திறமை; பிறகு துப்பாக்கி. அதுதான் முறை!

அரசாங்கம் செய்ய வேண்டியது

ஜனங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. வழியும் காட்ட வேண்டும்.

சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் இருக்கிறது. ஒத்திவாக்கத்துச் சுடுதளம் போலீசாருக்கு உரியது. தாம்பரத்து மாணவன், பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போய் வர முடியுமா? ஏழைப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா?

பத்து மீட்டர் பந்தயத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம். நீளமான ஒரு கூடம் போதும். பின்னால் கெட்டியான சுவர், நாலைந்து காற்றுத் துப்பாக்கி, பயிற்சி தெரிந்த ஓர் ஆசிரியர், பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி. தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021-ம் ஆண்டில். மாநகராட்சி மனம் வைத்தால் இப்படி ஒரு கூடத்தை அமைக்க முடியாதா? சிறு கட்டணம் வாங்கலாம். அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக விடலாம்.

நல்ல வழி திறந்திருந்தால் கள்ள வழியை யார் தேடுவார்கள்? ரிவால்வருக்கு ஏங்குகிற அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். பணமும் மிச்சம். மானமும் மிச்சம். வீட்டு அலமாரியில் எமனைப் பூட்டி வைத்துவிட்டு, தூக்கம் இல்லாமல் கிடக்க வேண்டியதும் இல்லை!